கால் விட்டுப்போன சோடா

பிழையார் என்பது அவர் பெற்றோர் வைத்த பெயரல்ல. ஒரு நாளிதழில் முப்பத்துநாலு வருடம் பிழை திருத்துநராக இருந்தவருக்குக் கூட வேலை பார்த்தவர்கள் சூட்டிய பட்டம் அது. 'பிழை' என்று மொட்டையாகக் கூப்பிட்டால் நன்றாக இருக்காது என்று மரியாதைக்கு ஓர் 'ஆர்' சேர்த்துக்கொண்டார்கள். ஓய்வு பெற்றபோது வேலைதான் போயிற்று. பட்டம் கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது.

சட்டைப் பையில் இருந்த சிவப்புப் பேனாவும் வந்துவிட்டது. மூன்றாவது மாடியிலிருந்து தரைக்கு இறங்குவதற்குள் லிஃப்டில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைத் திருத்திவிடுவார். குடியிருப்போர் சங்கத் தலைவர் இதற்காக அவருக்கு இரண்டு முறை எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினார். இரண்டையும் திருத்தித் திருப்பி அனுப்பினார் பிழையார். தெருமுனை மருந்துக்கடையில் 'கடண் கிடையாது' என்று பலகை மாட்டியிருந்தது. வாசலிலேயே நின்றுகொண்டு, "அந்த 'ண்'ல ஒரு சுழியைக் குறைக்கிற வரைக்கும் நான் உள்ள காலெடுத்து வைக்கமாட்டேன்" என்றார். "ரொம்ப சந்தோஷம் சார்" என்றார் கடைக்காரர். அன்றிலிருந்து இருமல் வந்தால்கூட இரண்டு தெரு தள்ளித்தான் போகிறார்.

வீட்டிலும் விடுதலை இல்லை. மனைவி மளிகைச் சீட்டில் 'சக்கரை' என்று எழுதினால், நடுவில் ஒரு சிவப்பு 'ர்' வந்து உட்காரும்.

"கடைக்காரன் சக்கரைன்னாலும் அதேதான் தர்றான், சர்க்கரைன்னாலும் அதேதான் தர்றான். உங்க 'ர்'ருக்காக அரைக் கிலோ கூடவா போடுறான்?" என்பாள் அவள்.

"கடைக்காரனுக்காகத் திருத்தல, மொழிக்காகத் திருத்துறேன்."

"அப்போ மொழியையே போய் வாங்கிட்டு வரச் சொல்லுங்க."

முப்பத்தெட்டு வருடக் குடித்தனம் இப்படித்தான் ஓடியது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஆசையாக எழுதிய முதல் கடிதமே ஏழு சிவப்பு வட்டங்களோடு திரும்பி வந்ததாம். அப்போதே உஷாராகியிருக்க வேண்டும் என்று மகளிடம் அடிக்கடி சொல்லுவாள்.

இந்த வீட்டுச் சமையலறை ஜன்னலோரம் ஒரு பழைய சோடா பாட்டில் இருந்தது. கனத்த பச்சைக் கண்ணாடி. அதில் தண்ணீர் ஊற்றி ஒரு கொடியை வளர்த்துவந்தாள் மனைவி. கல்யாணத்துக்கு முன்பே அவரிடம் இருந்த ஒரே பாத்திரம் அது. பாட்டிலில் புடைப்பாக ஏதோ எழுத்து உண்டு. ஆனால் எழுத்து எப்போதும் சுவரைப் பார்த்துத்தான் இருக்கும். துடைத்து வைக்கும்போது அவள் தப்பித் தவறி மாற்றி வைத்துவிட்டால், அடுத்த முறை தண்ணீர் குடிக்க வரும் பிழையார் சத்தமில்லாமல் திருப்பி வைத்துவிட்டுப் போவார். ஆளுக்கு ஆள் ஒரு கிறுக்கு இருக்கும், இவருக்கு இது என்று அவள் விட்டுவிட்டாள். சோடா குடிப்பதும் கிடையாது. "எனக்கு ஒத்துக்காது" என்பார். அந்த வீட்டுக்குள் சோடாவே வந்ததில்லை.

ஒரு நாள் சமையலறையில் இருந்த சலவை இயந்திரம் பாதிச் சுற்றில் ஈரத்துணியை வாய்க்குள் வைத்துக்கொண்டு நின்றுவிட்டது. பழுது பார்க்க மெக்கானிக் வந்தார். இயந்திரத்தை முன்னால் இழுக்க வேண்டும். ஜன்னலோரம் இருந்த பாட்டில் இடித்தது. அதை எடுத்து அப்பால் வைக்கப் போனவர் எழுத்தைப் பார்த்தார். அப்படியே நின்றார். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் பார்த்தார்.

"அம்மா, இது எங்க வாங்குனது?"

"வாங்கல. அவருடையது. ஏன், இடைஞ்சலா இருக்கா? தூக்கிக் குப்பையில போட்டுடட்டுமா?"

மெக்கானிக் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கொடி அவர் தோளில் தொங்கியது. "ஐயையோ! இது காலில்லா சோடாம்மா!"

பிறகு அவர் மூச்சு வாங்கச் சொன்னது இதுதான். ஒரு பழைய சோடாக் கம்பெனி, நாற்பது வருடங்களுக்கும் முன்பு புதிய பாட்டில் வார்த்தது. கண்ணாடியில் 'சோடா' என்று வர வேண்டும். அச்சில் முதல் எழுத்தின் கால் விட்டுப்போய் 'சேடா' என்று வந்துவிட்டது. நாலு நாள் கழித்துத்தான் கம்பெனிக்குத் தெரிந்தது. கடை கடையாகப் போய்த் திரும்ப வாங்கி, அத்தனையையும் உடைத்தார்கள். தெரிந்தவரை தப்பிப் பிழைத்தவை ஆறு. ஆறும் பணக்காரர்களுடைய அலமாரிகளில் இருக்கின்றன. மெக்கானிக் பழம்பாட்டில் சேகரிப்போர் சங்கத்தில் உறுப்பினர். மாதக் கூட்டத்தில் படம்தான் பார்த்திருக்கிறார். நேரில் தொடுவது இதுவே முதல் தடவை.

"போன வருஷம் ஒண்ணு ஏலத்துல போச்சும்மா. அந்தக் காசுல ஒரு சின்னக் கார் வாங்கலாம்."

மனைவி ஈரக் கையோடு ஸ்டூலில் உட்கார்ந்தாள். கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த பிழையார் எழுந்து வந்தார். முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது.

"எழுத்துப் பிழைக்கா காசு?"

"பிழைக்குத்தான் சார் காசு. சரியா எழுதியிருந்தா எடைக்குத்தான் போடணும்."

இந்த ஒரு வாக்கியம் முப்பத்துநாலு வருட உத்தியோகத்தைக் குப்புறத் தள்ளியது. பிழையார் போய்ப் படுத்துக்கொண்டார். ஈரத்துணியை எல்லோரும் மறந்துபோனார்கள்.

அன்று மாலையே மாப்பிள்ளை வந்துவிட்டார். இன்ஷூரன்ஸ் முகவர். இரண்டு தெரு தள்ளி இருந்தாலும், மாமனாரைப் பார்க்க வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. கடைசியாக வந்தபோது அவருடைய விசிட்டிங் கார்டில் மூன்று தவறு கண்டுபிடித்துக் கொடுத்திருந்தார் மாமனார். இப்போது ஒரு பை நிறையப் பழத்தோடு வந்து, "மாமா, உடம்பு எப்படி இருக்கு? ரொம்ப இளைச்சுட்டீங்களே" என்றார். பேச்சு மாமனாரிடம், பார்வை பாட்டிலிடம்.

மாப்பிள்ளையின் யோசனைப்படி கொடி ஒரு பிளாஸ்டிக் குவளைக்கு மாறியது. பாட்டில் பேரக்குழந்தையின் கம்பளியில் சுற்றப்பட்டு பீரோவுக்குள் போயிற்று. குழந்தைக்குச் சளி பிடித்திருந்தும் கம்பளியைத் திருப்பித் தரவில்லை. செய்தி மாடிக்கு மாடி ஏறி இறங்கியது. எச்சரிக்கைக் கடிதம் அனுப்பிய சங்கத் தலைவரே நேரில் வந்து, "இப்படிப்பட்ட ஒருத்தர் நம்ம கட்டடத்துல இருக்கிறது எங்களுக்கெல்லாம் பெருமை" என்று கைகுலுக்கினார். அதோடு, பாட்டிலை விற்றால் லிஃப்டுக்குப் புதுக் கயிறு போட ஏதாவது பார்த்துச் செய்யும்படியும் கேட்டுக்கொண்டார்.

பழம்பாட்டில் சங்கத்தின் தலைவர் ஒரு பல் டாக்டர். கைப்பையோடு வந்தார். கையுறை மாட்டி, நெற்றியில் விளக்குக் கட்டி, பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியைப் பாட்டிலின் வாய்க்குள் விட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஒரு ஓரமா லேசா சொத்தை... இல்ல, சின்னச் சிராய்ப்பு. மத்தபடி நல்ல ஆரோக்கியம்" என்றார். அசல்தான் என்றும் சொன்னார்.

"ஆனா ஒரு சிக்கல் இருக்கு. நல்ல பாட்டில்ல இருக்கிற காலை அரத்தால ராவி எடுத்துட்டு, காலில்லா சோடான்னு விக்கிற கும்பல் ஒண்ணு கிளம்பியிருக்கு. அதனால இது உங்க கைக்கு எப்படி வந்துச்சுன்னு எழுத்துல வேணும். வரலாறு இருந்தா முழு விலை. வரலாறு இல்லேன்னா பாதி."

எல்லோரும் பிழையாரைப் பார்த்தார்கள்.

"ஞாபகமில்ல" என்றார் அவர்.

"இருபது வருஷத்துக்கு முன்னாடி நான் விட்ட ஒத்தெழுத்தெல்லாம் ஞாபகம் இருக்கு, இது ஞாபகமில்லையா?" என்றாள் மனைவி.

டாக்டர் போகும்போது சங்கம் வெளியிட்ட ஓர் ஆய்வு நூலைக் கொடுத்துவிட்டுப் போனார். நாற்பத்தெட்டுப் பக்கம், முழுக்க அந்தப் பிழையைப் பற்றி. அந்தக் கால் ஏன் விட்டுப்போனது என்பதில் சங்கம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஓய்வு பெற்ற கல்லூரிப் பேராசிரியை ஒருவர் தலைமையில் ஒரு கட்சி: வரைபடத்தைச் சரிபார்த்த இளைஞன் காதல் தோல்வியில் இருந்தான், துணையை இழந்த தன் நிலையைத்தான் ஒரு காலை இழந்த சோடாவில் பொறித்தான். ஒரு வக்கீல் தலைமையில் எதிர்க்கட்சி: அவன் ஒரு போராளி, தொழிலாளியின் காலை முதலாளி வாரிவிட்டதை உலகுக்குக் காட்டினான். இரண்டு தரப்புக்கும் மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. கூட்டத்தில் தேநீர்கூடத் தனித்தனியாகத்தான் வருமாம்.

பிழையார் மத்தியானம் முழுக்க அந்த நூலைப் படித்தார். நூற்றுப் பன்னிரண்டு பிழைகள் இருந்தன. ஆனால் முதல் முறையாக ஒன்றைக்கூடத் திருத்தாமல் பேனாவை மூடினார். ஏனென்றால் நூல் பேசும் அந்த இளைஞன் அவர்தான்.

அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. சோடாக் கம்பெனியில் முதல் வேலை. லேபிள், விளம்பரம், பாட்டில் அச்சின் வரைபடம் எல்லாவற்றையும் படித்துப் பார்த்து 'சரி' என்று கையெழுத்துப் போட வேண்டும். காதலும் இல்லை, போராட்டமும் இல்லை. கேன்டீன் பலகையில் 'உனவு தயார்' என்று எழுதியிருந்தார்கள். தினமும் அறுநூறு தொழிலாளிகள் பார்க்கிற இடத்தில் இரட்டைச் சுழி 'ன' போட்டால் அவர்கள் மொழியறிவு என்ன ஆவது என்று நிர்வாகத்துக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவையாகத் திருத்தி எழுதும்போது வரைபடம் மேசைக்கு வந்தது. கடிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

"உனக்கு எத்தனை காலுப்பா?"

"ரெண்டு, ஐயா."

"சோடாவுக்கும் ரெண்டு. ஒண்ணை நீ வெட்டிட்ட. கிளம்பு."

பாட்டில்களை உடைக்கக் குவித்திருந்த இடத்தைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். போகிற போக்கில் ஒன்றை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். எதற்கு என்று அவருக்கே தெரியாது. பிறகு நாலு வருடம் கிடைத்த வேலையெல்லாம் பார்த்தார். நாளிதழில் சேரும்போது சோடாக் கம்பெனியைப் பற்றி மூச்சுவிடவில்லை. கட்டிய மனைவியிடமும் சொல்லவில்லை. ஊரார் எழுத்தையெல்லாம் திருத்திக்கொண்டிருந்தால் தன் எழுத்தை யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்தாரோ என்னவோ.

இதற்குள் மாப்பிள்ளை ஒரு வரலாற்றைத் தயார் செய்துவிட்டார். 'எனது மாமநாரின் தந்தையார் ஒரு கொடைவல்லல். தாகத்தால் தவித்த ஒரு முதியவருக்கு உதவியபோது அவர் நண்றியுடன் அளித்த பாட்டிலே இது' என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம்.

"ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க மாமா."

பிழையார் சிவப்புப் பேனாவைத் திறந்தார். பத்து நிமிடத்தில் பதினாலு பிழை. 'மாமநார்' மாமனாரானார், 'கொடைவல்லல்' கொடைவள்ளலானார், 'நண்றி' நன்றியானது. எல்லாம் சுத்தமாகிவிட்டது. கடைசியில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பேனாவை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"என்ன மாமா, இன்னும் ஏதாவது தப்பு இருக்கா?"

"எழுத்துல இல்ல" என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பல் டாக்டரின் கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் சங்கக் கூட்டம். சுவரில் ஈறு நோய்ப் படங்கள். ஒரு பக்கம் பேராசிரியை தரப்பு, மறுபக்கம் வக்கீல் தரப்பு, நடுவில் மேசைமேல் கம்பளி விரித்து பாட்டில். முன்வரிசையில் மனைவி, மகள், மாப்பிள்ளை. மெக்கானிக் வேலை உடுப்பைக் கழற்றிவிட்டு நல்ல சட்டை போட்டு வந்திருந்தார். மாப்பிள்ளை எழுந்து கொடைவள்ளலைப் படிக்கத் தொண்டையைச் செருமினார்.

"உக்காருங்க மாப்பிள்ளை" என்றார் பிழையார். எழுந்து நின்றார். "அந்தக் காலை விட்டது நான்தான்."

கேன்டீன் பலகை, புகார்க் கடிதம், கையெழுத்து என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். சொல்லி முடித்ததும் பேராசிரியை மெல்லச் சிரித்தார்.

"மன்னிக்கணும் ஐயா. இருபத்திரண்டு வயசுப் பையன் கேன்டீன் பலகைக்காகவா உருகுவான்? நம்புற மாதிரி இல்லையே."

"என்னாலும் ஒத்துக்க முடியல" என்றார் வக்கீல். மூன்று வருடத்தில் இருவரும் ஒத்துப்போனது அதுவே முதல் தடவை.

பிழையார் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த, மஞ்சளாகிப் போன ஒரு தாளை எடுத்தார். வேலையை விட்டு அனுப்பியபோது கம்பெனி கொடுத்த உத்தரவு. டாக்டர் வாங்கிச் சத்தமாகப் படித்தார்.

"'பாட்டில் அச்சு வரைபடத்தில் காலை விட்ட குற்றத்துக்காக நீங்கள் இன்று முதல் பனி நீக்கம் செய்யப்படுகிறீர்கள்...' பனியா?"

"பணி" என்றார் பிழையார். "பக்கத்துலயே திருத்தியிருக்கேன், பாருங்க."

பார்த்தார்கள். நாற்பத்து மூன்று வருடத்துக்கு முந்தைய சிவப்பு மையில் 'ன'வைச் சுழித்து, ஓரத்தில் 'ண' என்று எழுதியிருந்தது. வேலை போன நாளிலும் அந்தப் பிழையைச் சும்மா விட்டிருக்கவில்லை மனிதர். அதைப் பார்த்த பிறகு யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. மெக்கானிக் எழுந்து நின்று கைதட்டினார்.

தட்டி முடிப்பதற்குள் பேராசிரியை எழுந்தார். "கேன்டீன்ல ஒரு பொண்ணு வேலை பார்த்திருப்பாங்க. இல்லேன்னா அந்தப் பலகைய ஒருத்தர் ஏன் தினமும் பார்க்கணும்? நான் சொன்ன காதல்தான் இது!" வக்கீலும் எழுந்தார். "தொழிலாளர் நலனுக்காக நிர்வாகத்துக்கு எழுதின மனு, ஐயா! இது போராட்டம் இல்லாம வேற என்ன?" இரண்டு கட்சியும் ஒரே நேரத்தில் ஜெயித்துவிட்டன. ஆய்வு நூலின் அடுத்த பதிப்பில் இரண்டு தரப்புக்கும் பன்னிரண்டு பன்னிரண்டு பக்கம் என்று அங்கேயே முடிவானது. பிழையார் சொன்னதை அடிக்குறிப்பில் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள்.

திரும்பும்போது பேருந்தில் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே இருந்தாள். நாலாவது நிறுத்தத்தில் ஆரம்பித்தாள்.

"முப்பத்தெட்டு வருஷமா என் சக்கரைக்கு ஒரு 'ர்' இல்லன்னு சொன்னீங்களே... உங்க சோடாவுக்கு ஒரு காலே இல்லையேங்க!"

பிழையார் முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"சோடா ஒத்துக்காதுன்னு சொன்னதும் பொய்யா?"

"சோடா எனக்கு ஒத்துக்கும். சோடாக் கம்பெனிக்குத்தான் நான் ஒத்துக்கல."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிழையாருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நாற்பது வருடமாக முதுகில் சுமந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரியும் இருந்தது. இறங்குகிற இடத்தில் ஒரு கடையில் இரண்டு சோடா வாங்கிக் குடித்தார். மூன்றாவதற்கு அவள் விடவில்லை.

பாட்டிலையும் உத்தரவையும் பல் டாக்டரே சேர்த்து வாங்கிக்கொண்டார். எதிர்பார்த்ததைவிட நல்ல விலை. பிழைக்குள் இருக்கும் பிழைக்குத் தனி மதிப்பாம். பணத்தை மனைவி தன் பெயரில் வங்கியில் போட்டாள். மாப்பிள்ளையின் பழப்பை அதோடு நின்றது. கம்பளி மட்டும் குழந்தைக்குத் திரும்பி வந்தது.

சில மாதம் கழித்துச் சோடாக் கம்பெனியிலிருந்து கார் வந்தது. பழைய முதலாளியின் பேரன் இப்போது நிர்வாகி. கம்பெனியின் எழுபத்தைந்தாம் ஆண்டுக்குச் சிறப்புப் பதிப்பாக மறுபடியும் 'சேடா' பாட்டில் விடப்போகிறார்கள். ஒரே தொல்லை: வரைபடம் போட்ட கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறையும் தானாகவே 'சோடா' என்று திருத்திவிடுகிறது. பிழை சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

பிழையாரைக் குளிர்பதன அறையில் உட்கார வைத்து வரைபடத்தை நீட்டினார்கள். அழகாக, இரண்டு காலும் ஊன்றி நின்றது 'சோடா'. பேனாவைத் திறந்து வெகுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு அந்தக் காலைச் சுழித்து, ஓரத்தில் 'நீக்குக' என்று எழுதினார். அதற்குக் கீழே 'சிறப்பு பதிப்பு' என்றிருந்ததைப் பார்த்தார். யோசிக்கவே இல்லை. நடுவில் ஒரு 'ப்' போட்டார்.

"அது அப்படியே இருக்கட்டுமே சார்" என்றார் விளம்பரப் பிரிவு அதிகாரி. "பிழைக்குத்தானே மதிப்பு? ரெண்டா இருந்தா இன்னும் நல்லதுதானே?"

பிழையார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"ஒரு பிழை பிழையாத் தெரியணும்னா, சுத்தியிருக்கிறது எல்லாம் சரியா இருக்கணும்யா! எல்லாமே தப்பா இருந்தா அதுக்குப் பேர் சிறப்புப் பதிப்பு இல்ல, சோம்பேறித்தனம்!"

அதிகாரி அதை எழுதி வைத்துக்கொண்டார். விளம்பரத்துக்கு நன்றாக இருக்குமாம்.

சிறப்புப் பதிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வாங்கியவர்களில் பாதிப் பேர் போலிச் சரக்கு என்று கடைக்காரரோடு சண்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். மீதிப் பேர் பழக்க தோஷத்தில் 'சோடா' என்றே படித்துவிட்டுக் குடித்துவிட்டுப் போனார்கள்.

மனைவி இப்போது பழம்பாட்டில் சங்கத்தின் பொருளாளர். இரண்டு கட்சியிலும் சேராதவர் அவர் ஒருவர்தான் என்று ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். போன வாரம் ஒரு பழைய மைக்கூட்டோடு திரும்பி வந்தாள். பிழையார் அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தார்.

"இதுல பிழையே இல்லையே" என்றார்.

"அதனாலதான் சும்மா குடுத்தாங்க" என்று சொல்லிவிட்டு, துடைக்க ஒரு துணி எடுத்துவரச் சொன்னாள்.